நோட்டுல இருக்கறவ

கண்ணு, நீ ஜன்னலோரம் உக்காந்திருக்கயே, சித்த தலையை நீட்டிப் பின்னால பாரு. வெள்ளை ஆம்னி வேன் ஏதாச்சும் வருதா? மேல நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கும். வரலையா? சரி. வந்தாலும் எனக்கென்ன, நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

நீ எங்க இறங்கறே? திருவண்ணாமலையா. நானும் அங்கதான் இறங்கி, சேலம் பஸ் பிடிச்சு, ஈரோடு போய், அப்பறம் பெருந்துறை போவோணும். தனியாத்தான். ஏன் கேக்கறே? கழுத்துல இருக்கற நகையைப் பார்த்துட்டுக் கேக்கறயா? இல்லை இல்லை, கோவிச்சுக்காத. உன்ற மொகத்தைப் பார்த்தா நல்ல புள்ளையாத்தான் தெரியுது. ஆனா எங்கூட்டுக்காரர் மொகமும் நல்ல மொகந்தான். மொகத்தை வெச்சு இனி நான் ஒருத்தரையும் நம்பறதா இல்லை.

அவரைத்தான் செஞ்சியில விட்டுட்டு வந்துட்டேன். ஆமா, விட்டுட்டுத்தான். கோட்டைக்கு வெளிய ஒரு மாந்தோப்புல டென்ட் அடிச்சிருக்கோம். காலையில குடத்தை எடுத்துக்கிட்டுத் தண்ணி பிடிக்கப் போனார். நான் பையைத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு வந்தேன். இந்த பஸ் வந்துச்சு. ஏறிட்டேன். அடுப்புல உப்புமா இருக்கு, தின்னுக்கட்டும்.

அவர் பேரா? புருசன் பேரை நான் சொல்ல மாட்டேன். சென்னிமலையில நிக்கறாரே, அந்தச் சாமி பேருன்னு வெச்சுக்க. கரண்ட் ரீடிங் எடுக்கற வேலை. வூடு வூடாப் போயி, மீட்டரை அண்ணாந்து பார்த்து, நம்பரை எழுதிக்கிட்டு வர்றது. முப்பத்தி மூணு வருசம் அந்த வேலைதான். அதனாலயோ என்னமோ, பேச்சும் அளந்துதான் வரும். என்ற பேரு துளசிமணி. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒருக்கா கூட துளசின்னு கூப்பிட்டதில்லை. "இந்தா"ம்பார். நான் "ஏனுங்"ம்பேன். அவ்வளவுதான் எங்களுக்குப் பேரு. அதுல எனக்கு ஒரு குறையும் இல்லை. எங்க பக்கம் எல்லாரும் அப்படித்தான்.

குறை எப்ப வந்துச்சுன்னா, ரிட்டயர் ஆனதுக்கு அப்பறம். அடுப்படியில மணைக்கட்டையைப் போட்டு உக்காந்துக்குவார். கையில காபி. நான் அடுப்பைப் பார்த்து நின்னுக்கிட்டு இருப்பேன். அவரு எனக்குப் பின்னால உக்காந்துக்கிட்டு, அடுப்புக்கு மேல இருக்கற சுவத்தையே பார்த்துக்கிட்டு இருப்பார். வெறும் சுவரு கண்ணு. உப்புப் பூத்து சுண்ணாம்பு உதிர்ற சுவரு. சோத்துல விழுதேன்னு நான் மைதா மாவு காய்ச்சி, பழைய கேலண்டர் தாளையெல்லாம் ஒட்டி வெச்சிருக்கேன். அதைப் போயி ஒரு மனுசன் அரை மணி நேரம் பார்க்கறாரு. பார்த்துட்டு, சட்டைப் பையில இருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து என்னமோ எழுதறாரு. நான் திரும்பினா மூடிக்கறாரு. சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

அப்பறம் மூணு மாசத்துக்கு ஒருக்கா காணாமப் போக ஆரம்பிச்சார். ரெண்டு நாளு, மூணு நாளு. கேட்டா, "கூட வேலை செஞ்சவரோட அப்பா போயிட்டாரு, காரியத்துக்குப் போறேன்"ம்பார். ஒரே வருசத்துல நாலு பேரோட அப்பனைக் கொன்னுட்டார் மனுசன்! சரி, வயசானவங்க, போறது சகஜந்தானேன்னு நானும் விட்டுட்டேன். ஒரு நாள் சந்தையில பார்க்கறேன், ஆவணி மாசம் செத்துப் போனவரு புரட்டாசியில நின்னுக்கிட்டு முருங்கைக்காய் பேரம் பேசறார். நான் வூட்டுக்கு வந்து ஒண்ணுமே கேக்கலை. கேட்டா உசார் ஆயிருவாங்க. கேக்காமப் பார்க்கோணும்.

பொறவு இந்த வேனை வாங்கினார். பழசுதான். பின்னால சீட்டைக் கழட்டிட்டுப் பலகை அடிச்சார், மெத்தை போட்டார், சின்ன கேஸ் அடுப்பு, மடக்கு நாற்காலி ரெண்டு, டென்ட்டு. ஒரு நாள் காபி குடிச்சுட்டு, "இந்தா, நாலு சேலை எடுத்து வை. ஊர் சுத்திப் பார்த்துட்டு வரலாம்"னார்.

நீயே சொல்லு. இத்தனை வருசத்துல என்னைய அவர் கூட்டிட்டுப் போனதுன்னா பழனி, கொடிவேரி, அப்பறம் மக பிரசவத்துக்குக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி. அந்த ஆளு திடீர்னு கோட்டை பார்க்கலாம், அருவி பார்க்கலாம்னா சந்தேகம் வருமா வராதா? "எங்கீங் போறோம்?"னேன். "போனாத் தெரியும்"னார். நானும் நாலு சேலையை மடிச்சு வெச்சேன், கூடப் போனாத்தானே கையும் களவுமாப் பிடிக்க முடியும்.

முதல்ல திருமயம். ஒரு பாறை மேல கோட்டை. வாசல்ல ஒரு காவல்காரர். எங்களைப் பார்த்ததும் எந்திரிச்சு நின்னு சிரிக்கறார். "வாங்க சார்! இந்தத் தடவை வீட்டம்மாவோட வந்துட்டீங்களா?" அப்படிங்கறார். இந்தத் தடவை! எனக்குக் காது ரெண்டும் சூடாயிருச்சு. இவரு அந்தப் பக்கம் போனதும் நான் காவல்காரர்கிட்ட நைசாக் கேட்டேன், "போன தடவை யாரோட வந்தாருங்க?"ன்னு. "தனியாத்தாம்மா வந்தாரு. உள்ள கூட நின்னு பார்க்கலை. படியில ஏறுறதும் இறங்குறதுமா இருந்துட்டுப் போயிட்டாரு"ங்கறார். கோட்டைக்கு வந்தவன் கோட்டையைப் பார்க்காமப் படியிலயே ஏறி இறங்குவானா? எவளுக்கோ காத்துக்கிட்டு இருந்திருக்கார். அவ வரலை. அதான் நிலைகொள்ளாம ஏறி ஏறி இறங்கியிருக்கார்.

கோட்டை எப்படி இருந்துச்சுன்னா கேக்கறே? மேல ஒரு பீரங்கி இருந்துச்சு. காத்து நல்லா அடிச்சுது. நான் எங்க அதைப் பார்த்தேன்? அவர் மொகத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அங்க டீக்கடையில ஒருத்தர் சொன்னார், சித்தன்னவாசல் பக்கந்தான், ஒரு மணி நேரத்துல போயிரலாம்னு. இவரு கேக்கலை. "அது அப்பறம். வரிசைன்னு ஒண்ணு இருக்குதுல்ல"ன்னார். வரிசையாம்! அங்க இருந்து வண்டியைத் திருப்பிக்கிட்டு, கரூர், நாமக்கல், தருமபுரின்னு ஒகேனக்கலுக்குப் போனோம். ஒகேனக்கல் பார்த்துட்டு, மறுக்காவும் அதே வழியில புதுக்கோட்டைக்கு வந்து சித்தன்னவாசல். அப்பறம் அங்க இருந்து செஞ்சி. புத்தி இருக்கறவன் இப்படிப் போவானா? தறி நாடாவாட்ட அங்கிட்டும் இங்கிட்டும் போறோம். நான் மனசுக்குள்ள நெனச்சுக்கிட்டேன், அவ என்னைக்கு எந்த ஊர்ல இருப்பாளோ, அந்த வரிசைதான் இது.

ஒகேனக்கல்ல என்ன நடந்துச்சுங்கறே? அங்க ஒரு பொம்பளை மீன் வறுத்துக்கிட்டு இருந்தா. நல்ல செவப்பு, மூக்குல ரெண்டு பக்கமும் மூக்குத்தி. இவரைப் பார்த்ததும், "வாங்கண்ணே! காரம் கம்மியாத்தானே? நீங்க சொன்ன மாதிரி தனியாவே போட்டுத் தாறேன்"னா. எங்கூட்டுக்காரர் பச்சை மிளகாயைக் கடிச்சுக்கிட்டுப் பழைய சோறு குடிக்கறவர். அவருக்கு எதுக்குக் காரம் கம்மியா? அப்ப, காரம் ஆகாத எவளுக்கோ வாங்கிக் குடுத்திருக்கார். அந்த மீனை நான் தொடவே இல்லை. நான் வயித்துப் புண்ணுக்காரி, காரமில்லாம மீன் தின்னு எத்தனை நாளாச்சு, வாசனை வேற ஆளைத் தூக்குது. ஆனாலும் தொடலை. ரோசம்னு ஒண்ணு இருக்குதுல்ல. பரிசல்ல போனோம். அருவி கொட்டுது, சாரல் மொகத்துல அடிக்குது. "நல்லாருக்கா?"ன்னார். "ம்"னேன். அவரு மொகம் சுருங்கிப் போச்சு. சுருங்கட்டும்னு விட்டுட்டேன்.

சித்தன்னவாசல்ல வேன்ல இருந்து இறங்கினதும், நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாலயே, "இந்தா, பாத்ரூம் அந்தப் பக்கம். சுத்தமா இருக்கும்"ங்கறார். பொம்பளைங்க பாத்ரூம் சுத்தமா இருக்குன்னு ஒரு ஆம்பளைக்கு எப்படித் தெரியும்? போய்ச் சொல்ல ஒருத்தி இருந்தாத்தானே தெரியும்? குகைக்குள்ள கூரையில தாமரைக்குளம் வரைஞ்சிருக்காங்க. வாத்து, மீனு, பூப்பறிக்கற ஆளுன்னு எல்லாம் மங்கிப் போயி இருக்கு. அந்த வாத்தை எங்கயோ பார்த்த மாதிரியே எனக்கு இருந்துச்சு. நெனச்சுப் பார்க்கவா நேரம்? இவரு என்னைய ஒரு தூணோரமாச் சாய்ச்சு நிறுத்தி, "இங்க நின்னு பாரு, கழுத்து வலிக்காது"ங்கறார். எவளைச் சாய்ச்சு நிறுத்திப் பழகினாரோ!

இன்னைக்குக் காலையில சிக்கிருச்சு. குளிக்கறதுக்குச் சட்டையைக் கழட்டி மாமரத்துல மாட்டிட்டு, வேட்டியோட தண்ணி பிடிக்கப் போயிட்டார். பையில நோட்டு. நான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, முதல்ல கடைசிப் பக்கத்தைத்தான் பார்த்தேன். எதையும் கடைசியில இருந்து பார்த்தாத்தான் உண்மை தெரியும். என்ன எழுதியிருந்தார் தெரியுமா? "பன்னெண்டாவது கிழிஞ்சு போச்சு. அவகிட்டக் கேக்கோணும்." சேலை! பன்னெண்டு சேலை எடுத்துக் குடுத்திருக்கார் கண்ணு! பன்னெண்டாவது கிழிஞ்சு போச்சாம், என்ன கலர்ல வேணும்னு அவகிட்டக் கேக்கோணுமாம். எனக்குத் தீபாவளிக்கு ஒண்ணு, அதுவும் மக எடுத்துக் குடுக்கறா.

இந்தா, நோட்டு என்ற பையிலதான் இருக்கு. கையோட கொண்டாந்துட்டேன், சாட்சி வேண்டாமா? கண்ணாடியைத்தான் அவசரத்துல டென்ட்டுலயே விட்டுட்டேன். நீ படி. சத்தமாப் படி, பரவால்லை, கேக்கறவங்க கேக்கட்டும்.

"திருமயம். படி பரவாயில்லை. உயரம் கம்மி. மூணு இடத்துல உக்காரலாம். அவளுக்கு இடது முட்டி, இறங்கறப்பதான் வலி. கையைப் பிடிச்சுக்கோணும்."

கேட்டயா? கையைப் பிடிக்கோணுமாம்! மேல படி.

"ஒகேனக்கல். காரமில்லாத மீன் சொல்லியாச்சு. பரிசல்ல நடுவுல உக்கார வைக்கோணும், அவ தண்ணிக்குப் பயப்படுவா. பயமில்லைன்னுதான் சொல்லுவா."

தண்ணிக்குப் பயந்தவளை எதுக்குத் தண்ணிக்குக் கூட்டிட்டுப் போறது? அறிவு கெட்டவ! ஏன் சிரிக்கறே? சிரிக்காமப் படி.

"சித்தன்னவாசல். மலை மேல ஏழடிப்பட்டம் வேண்டாம், பாறை வழுக்கும். குகை போதும். தூண்ல சாயலாம். பாத்ரூம் சுத்தம், கூட்டற அம்மாகிட்டக் கேட்டாச்சு. அவ வெளியில அடக்கி வெச்சுக்குவா, கேட்டாலும் சொல்ல மாட்டா. முதல்லயே காட்டிரோணும்."

"செஞ்சி. ராஜா கோட்டை. பாதி வரைக்கும் படியை எண்ணினேன். அவளால ஆகாது. இறங்கிட்டேன். கீழ கல்யாண மகால், புல்லு, நிழல். இது போதும்."

பார்த்தயா? அவ ஏறமாட்டாங்கறதுக்காக இவரு பாதியில இறங்கிட்டாராம். நேத்தைக்கு நான் கேக்கறேன், "நீங்க வேணா மேல போய்ட்டு வாங்க, நான் இங்க உக்காந்திருக்கேன்"னு. "என்ன இருக்கு மேல, வெறும் கல்லு"ன்னுட்டார். சின்னப் புள்ளையாட்ட மலையைப் பார்த்துக்கிட்டே சொன்னார். அவ இல்லாமப் போக மனசில்லை.

என்ன சொன்னே? அது நானா?

அட போ கண்ணு. என்னைய எழுதறதா இருந்தா "இந்தா"ன்னுதானே எழுதியிருப்பார்? "அவ"ன்னு எதுக்கு எழுதறார்? முட்டி வலி ஊர்ல எவளுக்கு இல்லை? தண்ணின்னா பயம் எனக்கும் இருக்குதுதான். எனக்கு மட்டுமா இருக்கு? அவர் இதெல்லாம் எழுதறப்ப நான் வூட்ல இருந்தேன். நோட்டுல இருக்கறவ கோட்டையில இருக்கா. ரெண்டு பேரும் எப்படி ஒருத்தி ஆவோம்? நீ சின்னப் புள்ள, உனக்கு ஆம்பளைங்களைப் பத்தித் தெரியாது. மடியில கனமில்லைன்னா செத்தவன் எப்படிச் சந்தைக்கு வந்தான்? அதைச் சொல்லு.

அடுத்த பக்கம் இருக்கா? நான் அதுக்கு மேல பார்க்கலை. குடம் வர்ற சத்தம் கேட்டுச்சு, ஓடியாந்துட்டேன். படி.

"பிச்சாவரம். படகு. படி இல்லை. அவளுக்கு இது ரொம்பப் பிடிக்கும்னு நினைக்கிறேன். இந்தப் படத்தைத்தான் அடிக்கடி துடைப்பா."

எந்தப் படம்?

இரு. மறுக்காப் படி.

துடைப்பா... பிச்சாவரம், பச்சை மரமெல்லாம் தண்ணிக்குள்ள நிக்கும், நடுவுல ஒரு படகு. அது... அது எங்கூட்டு அடுப்படிச் சுவத்துல இருக்குது கண்ணு. அஞ்சாவது தாளு. தாளிக்கறப்ப எண்ணெய் தெறிச்சு அந்தத் தாளு மட்டும் பிசுக்கு ஏறிக்கும். அதனாலதான் துடைப்பேன்.

முதல் தாளு... ஜனவரி... ஒரு பாறை, மேல கோட்டை. பிப்ரவரி அருவி. மார்ச்சுல தாமரைக்குளம், வாத்து. ஐயோ, அந்த வாத்து! ஏப்ரல் மலை மேல கோட்டை. மேல என்னமோ சின்ன எழுத்துல போட்டிருக்கும், நான் படிச்சதே இல்லை. பாத்திரக்கடைக் கேலண்டர். மக ரெண்டாங்கிளாஸ் படிக்கறப்ப ஒட்டினது. பன்னெண்டு தாளு, இடமிருந்து வலமா வரிசையா...

வரிசைன்னாரே.

கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடு கண்ணு.

அப்ப இத்தனை நாளா எனக்குப் பின்னால உக்காந்துக்கிட்டு, காபியைக் குடிச்சுக்கிட்டு, இந்த மனுசன் என்ன நெனச்சிருக்கார் தெரியுமா? நான் ஆசைப்பட்டு ஒட்டி வெச்சிருக்கேன்னு நெனச்சிருக்கார். இந்த ஊரையெல்லாம் பார்க்கோணும்னு ஏங்கிக்கிட்டு, வாய்விட்டுச் சொல்லாம, படத்தைத் துடைச்சுத் துடைச்சு வெச்சுக்கிட்டு இருக்கேன்னு! சுண்ணாம்பு உதிருதுன்னு ஒட்டினேன் கண்ணு! சோத்துல விழுதுன்னு ஒட்டினேன்! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? பாவி மனுசன், கேக்காம ஊர் ஊராப் போயி எனக்காகப் படியை எண்ணிட்டு வந்திருக்கார். நாலு பேரோட அப்பனைக் கொன்னு!

நான் அழுவலை. காத்து அடிக்குது, அந்த ஜன்னல் கண்ணாடியைச் சாத்து.

இரு இரு, சாத்தறதுக்கு முன்னால ஒருக்கா பின்னால பாரு. வருதா? வெள்ளை வேனா? நீலத் தார்ப்பாயா? எத்தனை நேரமா வருது? முதல்லயே வந்துச்சா? நான் சத்தம் போடுவேன்னு நீ சொல்லலையா? அட, நீயும் அவரோட சேர்ந்துக்கிட்டயா! முந்தவும் மாட்டார், ஹாரனும் அடிக்க மாட்டார். பஸ் நின்னா நிப்பார், கிளம்பினாக் கிளம்புவார். கூப்பிடறதுக்கு என்னன்னு கூப்பிடுவார்? பஸ்ஸுல இருக்கறவளைப் பார்த்து "இந்தா"ன்னு கத்தினா யாரு திரும்புவா?

அடுத்த ஸ்டாப்பு கீழ்பென்னாத்தூரா? கண்டக்டர் தம்பீ, இங்க ஒரு ஆள் இறங்கோணும்!

அவருக்கு மத்தியானச் சர்க்கரை மாத்திரை என்ற பையிலதான் இருக்கு. அதுக்குத்தான் இறங்கறேன், வேற ஒண்ணுமில்லை. நோட்டை இப்படிக் குடு. நான் படிச்சதாவே காட்டிக்க மாட்டேன், சட்டைப் பையிலயே வெச்சிருவேன். சுண்ணாம்புன்னு உசுரு போனாலும் சொல்ல மாட்டேன். ஆசைப்பட்டுத்தான் ஒட்டினேன். இனி அப்படித்தான். நீயும் யார்கிட்டயும் சொல்லிராத.

ஆனா கண்ணு, ஒரு சங்கடம் இருக்கு. அந்தப் பன்னெண்டாவது தாளு என்ன ஊருன்னு எனக்கே ஞாபகமில்லை. சிலிண்டர் போட வந்தவர் உரசினதுல கிழிஞ்சு போச்சு. ஓரத்துல துண்டு வானம் மட்டும் சுவத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. அவரு என்கிட்டக் கேக்கோணும்னு எழுதி வெச்சிருக்காரே, கேட்டா என்னன்னு சொல்றது? நீ படிச்ச புள்ள, பஸ் நிக்கறதுக்குள்ள ஒரு நல்ல இடமாச் சொல்லு. படி நெறையா இருக்கட்டும். நான் கீழ நிழல்ல உக்காந்துக்கறேன், இந்தத் தடவை அவரு உச்சி வரைக்கும் ஏறிப் பார்த்துட்டு வரட்டும்.

தனியாத்தான் ஏறோணும், அதையும் சொல்லிருவேன்.